சின்னக் காருக்குள் பெரிய இடம்: அம்பாசிடர் முதல் வேகன்-ஆர் வரை ஒரு கோவைக் குறிப்பு

ஒரு சின்னக் கணக்கில் இருந்து ஆரம்பிக்கலாம்.

அம்பாசிடர் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். இன்றைக்கு விற்கும் வேகன்-ஆர் 3,655 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒன்றரை முழம் குறைவு. இப்போது முன் சக்கரத்தின் நடுவில் இருந்து பின் சக்கரத்தின் நடு வரைக்கும் அளந்து பாருங்கள். வீல்பேஸ் என்பார்களே, அதுதான். அம்பாசிடருக்கு 97 அங்குலம், அதாவது 2,464 மி.மீ. வேகன்-ஆருக்கு 2,435 மி.மீ. வித்தியாசம் வெறும் 29 மி.மீ. ஒரு கட்டைவிரல் அகலம்.

வெளியே ஒன்றரை முழம் குறைந்தது, உள்ளே கட்டைவிரல் அளவுதான் குறைந்தது. அப்படியானால் மிச்ச நீளம் எங்கே போச்சு? இந்தக் கேள்வியைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

தேடியதற்குக் காரணம் ஆராய்ச்சி ஆர்வம் மட்டும் இல்லைங்க. எங்கள் வீட்டுக் காருக்கு 15 வருஷப் பதிவு முடிந்து, ஒரு தடவை புதுப்பித்தும் ஆகிவிட்டது. புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாய் ஆனது. வண்டி ஓடுகிறது, ஆனால் மாதம் ஒரு செலவு வைக்கிறது. மாற்ற வேண்டும். அப்பாவுக்கு ஒரே பேச்சு: "அம்பாசிடர்ல இருந்த எடம் இன்னிக்கு எந்தக் கார்லீங்கண்ணு இருக்குது?" அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்வான சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருத்தர் கை வேண்டும். எனக்கோ கையில் இருக்கும் பணத்துக்குள் முடிய வேண்டும், காந்திபுரத்தில் நிறுத்த இடம் கிடைக்க வேண்டும், பழனிக்கோ வால்பாறைக்கோ போனால் வழியில் நிற்கக் கூடாது. சின்னதா இருக்கணும், உள்ளே தாராளமா இருக்கணும், நம்பி எடுக்கணும். கொங்கு நாட்டில் கார் வாங்கப் போகும் பெரும்பாலான வீடுகளில் இதே மூன்று வரிதான்.

இந்த மூன்று வரிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் முதல் ஆள் நம்ம ஊர்க்காரர்.

1952: கோவையில் ஓடிய இரண்டு சீட்டு கார்

ஜி.டி.நாயுடு (1893–1974) கலங்கலில் பிறந்தவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். மோட்டாரை ஓட்டுவதோடு நிற்காமல் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொண்டவர் அவர். 1937-ல் இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் கோவையில் அவரும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து உண்டாக்கியது என்பது பலருக்கும் தெரிந்த விஷயம்.

அதே மனிதர் 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றையும் செய்தார். விலை 2,000 ரூபாய். கார் வந்தது, தொழிற்சாலை வரவில்லை. அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, அதோடு உற்பத்தி நின்றது.

அதை வெறும் 'மேதையை மதிக்காத அரசு' கதையாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த வருஷத்தைக் கவனியுங்கள். 1951-ல் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் நிறைவேறி, 1952-ல் நடைமுறைக்கு வந்தது. எதை உற்பத்தி செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும் காலம் ஆரம்பம். அடுத்த வருஷமே, 1953-ல், கார் தொழில் பற்றி சுங்கவரி ஆணையம் ஒரு அறிக்கை கொடுத்தது. இங்கேயே படிப்படியாக முழுக் காரையும் செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கலாம், பெட்டியில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம் என்று கொள்கை வந்தது. 1920களில் இருந்து இங்கே வண்டி பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின.

மிச்சம் நின்ற கார் கம்பெனிகள் மூன்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார். அடுத்த முப்பது வருஷம் இந்த நாட்டில் கார் என்றால் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். எது நல்ல கார் என்ற கேள்வியே கிடையாது. எது கிடைக்கும் என்பதுதான் கேள்வி. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இரண்டு பழைய கார்கள், இரண்டு மூளைகள்

தேடலில் என்னை ரொம்பவும் ஆச்சரியப்படுத்திய இடம் இதுதான்.

அம்பாசிடரின் தாய் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மூன்றாம் வரிசை. அதற்கு முந்திய இரண்டாம் வரிசைதான் (1954) இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது. இந்த ஆக்ஸ்ஃபோர்டு உருவத்தின் பின்னால் இருந்தவர் அலெக் இஸிகோனிஸ். ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில், 1906-ல் பிறந்த என்ஜினியர். மாரிஸ் மைனரும் அவர் கைவேலைதான்.

ஃபியட் 1100-ஐ வடிவமைத்தவர் இத்தாலியின் தாந்தே ஜியாகோஸா. 1953-ல் வந்த அவருடைய 1100, மாறி மாறிக் கடைசியில் நமக்கு பிரீமியர் பத்மினியாக வந்து சேர்ந்தது.

இருவரும் இந்தக் கார்களோடு நிற்கவில்லை. 1956-ல் சூயஸ் கால்வாய்ச் சிக்கல் வந்து இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். சின்னதா, குறைவா குடிக்கிற கார் ஒன்று வேண்டும் என்று இஸிகோனிஸிடம் கேட்டார்கள். 1959-ல் மினி வந்தது. மொத்த நீளமே 10 அடி. அதில் ஐந்தில் நான்கு பங்கு தரை, ஆளுக்கும் சாமானுக்கும். அவர் செய்த வேலை கேட்க எளிது: நெடுக்கே வைத்திருந்த இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார், முன் சக்கரத்தையே ஓட்டும் சக்கரமாக்கினார்.

மினியில் கியர் பெட்டி இன்ஜினுக்கு அடியில் ஆயிலுக்குள்ளேயே கிடந்தது. அந்தக் குறையை 1964-ல் தீர்த்தவர் ஜியாகோஸா. ஆட்டோபியாங்கி ப்ரிமுலா என்ற காரில் இன்ஜினையும் கியர் பெட்டியையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் குறுக்கே அடுக்கினார். இன்றைக்கு அவினாசி ரோட்டில் போகும் சின்னக் கார்களின் பானட்டைத் திறந்து பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது அந்த அடுக்குதான்.

இப்போது தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜியாகோஸா புது அடுக்கை இத்தாலியில் கொண்டுவந்த அதே 1964-ல்தான் பம்பாயில் அவருடைய பழைய காரான 1100 டிலைட் உற்பத்தி ஆரம்பித்தது. அதையே 2000 வாக்கில் வரைக்கும் நாம் ஓட்டினோம். இஸிகோனிஸின் மினி வந்த பிறகும் 55 வருஷம், 2014 மே மாதம் வரைக்கும், அம்பாசிடர் உத்தர்பாராவில் இருந்து வந்துகொண்டே இருந்தது. அம்பாசிடரையும் ஃபியட்டையும் கொடுத்த அதே இரண்டு மூளைகள்தான் அவற்றை ஓரங்கட்டும் வழியையும் கண்டுபிடித்தன. நமக்கு முதல் பாதி மட்டும் உடனே வந்தது. இரண்டாம் பாதிக்கு 1983 வரை காத்திருந்தோம்.

மிச்ச நீளம் எங்கே போச்சு?

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம்.

அம்பாசிடரில் இன்ஜின் நெடுக்கே நிற்கும். அதன் பின்னால் கியர் பெட்டி. அதில் இருந்து காருக்கு அடியில் நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடி, பின் சீட்டுக்குக் கீழே இருக்கும் டிஃபரென்ஷியலுக்குப் போய் பின் சக்கரத்தைச் சுழற்றும். பானட் நீளம் இன்ஜினுக்கு. தரை நடுவில் புடைப்பு அந்த ஷாஃப்ட்டுக்கு. அம்பாசிடரில் நடுவில் உட்கார்ந்து போனவர்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தது அதனால்தான். வண்டி நீளத்தில் கணிசமான பங்கு மனிதருக்கு இல்லை, இயந்திரத்துக்கு.

குறுக்கே வைத்த இன்ஜினில் இத்தனையும் மூக்குக்குள் அடங்கிவிடுகிறது. ஷாஃப்ட் இல்லை, பெரிய புடைப்பும் இல்லை. சக்கரங்களை நாலு மூலைக்கும் தள்ளிவிடலாம். காணாமல் போன ஒன்றரை முழம் அநேகமாக பானட்டிலும் டிக்கியிலும் போனதுதான்.

அப்படியானால் அம்பாசிடர் ஏன் தாராளமாகத் தெரிந்தது? அப்பா சொல்வதும் பொய் இல்லை. முதலாவது, முன் சீட்டு ஒரே நீள பெஞ்சு, கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில். முன்னாடியே மூன்று பேர் உட்காரலாம், மடியில் குழந்தைகள் கணக்கில் வராது. முகூர்த்த நாளில் ஒரு அம்பாசிடரில் இருந்து எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணிய தலைமுறை இன்னும் இருக்கிறது. இரண்டாவது, உயரம். அம்பாசிடர் சுமார் 1.6 மீட்டர் உயரம். வேட்டி கட்டின பெரியவர் குனியாமல் ஏறலாம்.

உயரம்தான் அடுத்த சூட்சுமம். ஈசிசேரில் சாய்ந்தால் கால் நீட்ட எவ்வளவு தரை வேண்டும், திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் எவ்வளவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நிமிர்ந்து உட்காரும் ஆளுக்கு நீளம் குறைவாகவே போதும். கூரையை உயர்த்தி, சீட்டையும் உயர்த்தினால் அதே நீளத்துக்குள் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். அம்மா மாதிரி ஆட்களுக்கு இன்னொரு லாபம்: சீட்டு இடுப்பு உயரத்தில் இருந்தால் 'உட்கார்ந்து இறங்க' வேண்டாம், பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும்.

நம்பிக்கை என்ற சொல்லின் அர்த்தம் மாறியது

1983 டிசம்பர் 14. டெல்லியில் முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் இந்திரா காந்தி கொடுத்தார். விலை 50,000 ரூபாய்க்குள். அதற்கு முன்பே 10,000 ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 796 சிசி, மூன்று சிலிண்டர், குறுக்கே வைத்த இன்ஜின், முன் சக்கர ஓட்டம். மினியில் தொடங்கிய வழி, ஜப்பான் சுற்றிக்கொண்டு 24 வருஷம் கழித்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

கோவையில் இது இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது என்பது என் எண்ணம். அம்பாசிடர் காலத்தில் நம்பகமான கார் என்றால் ரிப்பேர் ஆகாத கார் என்று அர்த்தம் இல்லை. எங்கே நின்றாலும் சரி பண்ண முடிகிற கார் என்று அர்த்தம். அந்த விதத்தில் கோவைக்கு ஒரு வசதி உண்டு. பம்பு செட்டும் மோட்டாரும் நூற்பாலை இயந்திரமும் செய்த ஊர். பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் என்று எங்கே திரும்பினாலும் ஃபவுண்டரி, லேத்துப் பட்டறை. புஷ் தேய்ந்தால் கடைந்துகொள்ளலாம், பாகம் உடைந்தால் வார்த்துக்கொள்ளலாம். கம்பெனி கைவிட்ட வண்டியையும் பட்டறை காப்பாற்றும். அம்பாசிடரின் ஆயுள் உத்தர்பாராவில் பாதி, இந்த மாதிரிப் பட்டறைகளில் பாதி.

மாருதி வந்ததும் அர்த்தம் திரும்பியது. பட்டறைக்கே போக வேண்டாத கார்தான் நம்பகமான கார் என்றானது. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும், வீட்டில் பெண்களும் தனியாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். டிரைவரும் மெக்கானிக்கும் இல்லாமல் நடுத்தரக் குடும்பம் கார் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது அப்போதுதான்.

கோவை இதில் வாடிக்கையாளராக மட்டும் நிற்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் 1970களில் கிளம்பிய பிரிக்கால் வண்டிகளின் டேஷ்போர்டு மீட்டர்களையும், ரூட்ஸ் ஹாரன்களையும் செய்து வளர்ந்தன. 1931-ல் பொள்ளாச்சியில் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் என்று தொடங்கிய ஏ.பி.டி., பின்னாளில் மாருதி விற்கும் பெரிய டீலர்களில் ஒன்றானது. எஸ்.கரிவரதன் (1954–1995) அதே 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை சீட்டு ரேஸ் காரையே கோவையில் உருவாக்கினார். அந்த வகைக் காரில் பந்தயம் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2,000 ரூபாய் காருக்கு லைசென்ஸ் கிடைக்காத ஊர், சின்ன இன்ஜினை வேறு வழியில் தன்னுடையதாக்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

1998: 'இடம்' விலைக்கு வந்த வருஷம்

மாருதி 800-இல் நம்பிக்கை இருந்தது, இடம் இல்லை. வீல்பேஸ் 2,175 மி.மீ. பின்னாடி மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் பேச்சு குறைந்துவிடும். இடம் வேண்டியவர்கள் 1984-ல் வந்த மாருதி வேனுக்குப் போனார்கள், பின்னாளில் ஆம்னி என்று பேர் வாங்கியது அதுதான். இன்ஜினை முன் சீட்டுக்கு அடியில் வைத்து பானட்டையே ஒழித்துவிட்ட வண்டி. கொங்கு நாட்டில் தேங்காயும் ஏற்றினார்கள், நூல் கோனும் ஏற்றினார்கள், ஞாயிற்றுக்கிழமை சீட்டைப் போட்டு மருதமலைக்கும் போனார்கள். ஆனால் ஓட்டுகிறவர் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே ஒரு தகடுதான்.

1998-ல்தான் இடமும் நீளமும் ஒரே பேச்சில் சேர்ந்தன. ரத்தன் டாடா தன் ஆட்களுக்குக் கொடுத்த வரையறை பிரசித்தம்: ஜென் அளவு, அம்பாசிடர் இடம், மாருதி 800 விலை. அதுவும் டீசலில். அதுதான் இண்டிகா. முதல் வருஷங்களில் குறைகள் நிறைய வந்து, 2001-ல் வி2 என்று திருத்தி வந்த பிறகே நிலைபெற்றது. அதே வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. நீளம் மூன்றரை மீட்டர்தான், கூரை மட்டும் உயரம். முதலில் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் விநோதமாகத் தெரிந்தது, உள்ளே உட்கார்ந்த பிறகு பேச்சு மாறியது. 1999 கடைசியில் வேகன்-ஆர்.

வேகன்-ஆர் ஏன் டப்பா மாதிரி இருக்கிறது என்பதற்கும் ஒரு சட்டம்தான் காரணம். ஜப்பானில் 'கெய்' என்ற சின்னக் கார் வகைக்கு வரிச்சலுகை உண்டு. 1990-க்குப் பிறகு அதற்கு நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், இன்ஜின் 660 சிசி என்று வரம்பு. உயரத்துக்கு மட்டும் 2 மீட்டர் வரை இடம் கொடுத்தார்கள். நீளவும் முடியாது, அகலவும் முடியாது. மேலேதான் போக முடியும். 1993-ல் சுசூகி அந்த வழியில் போனது. நம்ம ஊருக்கு வரும்போது கொஞ்சம் பெரிய உடம்பும் பெரிய இன்ஜினும் சேர்ந்தன.

4 மீட்டர் என்ற கத்தரிக்கோல்

நம்ம நாட்டிலும் இப்படி ஒரு வரம்பு வந்தது. 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் சின்னக் கார்களுக்கு கலால் வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? 4,000 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்குள்.

கம்பெனிகள் கத்தரியை எடுத்தன. டாடா இண்டிகோவின் டிக்கியைக் குறைத்து 2008-ல் இண்டிகோ சி.எஸ். வந்தது. 2012-ல் ஸ்விஃப்ட் டிசையர் 3,995 மி.மீ. ஆனது, எல்லைக்கு 5 மி.மீ. இருக்கும்போது நிறுத்திக்கொண்டார்கள். வரி முறை ஜி.எஸ்.டி.க்கு மாறிய பிறகும் இந்த எல்லை போகவில்லை. 2025 செப்டம்பர் 22-ல் 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆனபோதும் கோடு அதே 4 மீட்டர்தான்.

ஆக, ஷோரூமில் 'காம்பாக்ட்' என்று எழுதி நிற்கும் வண்டி நம் தெருவின் அகலத்தைப் பார்த்துச் செய்தது இல்லை. வரிக் கோட்டைப் பார்த்துச் செய்தது. ஒரே நீளத்தில் நிற்கும் பத்து கார்களில் உள்ளே இடம் எவ்வளவு என்பது பத்து விதமாக இருக்கும். பார்வைக்கு முரட்டுத்தனமாக பானட்டை நீட்டியிருந்தால், அந்த நீளம் நம் முழங்காலில் இருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும்.

நாம் கேட்காமல் விட்ட நாலாவது கேள்வி

இத்தனை வரலாற்றிலும் மூன்று கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: எத்தனை பேர் உட்காரலாம், நம்பி எடுக்கலாமா, வித்தால் என்ன கிடைக்கும். கார் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் உருவான கேள்விகள் இவை. மோதினால் என்ன ஆகும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. "அம்பாசிடர் தகடு கெட்டி" என்ற ஒரு வரியில் அதை முடித்துவிட்டோம்.

தகடு கெட்டியாக இருப்பதும் உள்ளே இருப்பவர் பிழைப்பதும் ஒன்றில்லை. முன்பக்கம் கணக்காக நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த மாடல்கள் ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் நட்சத்திரம் பூஜ்யம். 2018 கடைசியில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் செய்த காருக்கு அதுதான் முதல் தடவை. அதுவும் 4 மீட்டருக்குள்தான். நான் முதலில் புகழ்ந்த வேகன்-ஆர் 2023 சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம் வாங்கியது. 2025-ல் அதற்கு ஆறு ஏர்பேக் வந்திருக்கிறது. ஆனால் ஏர்பேக் எண்ணிக்கை வேறு, மோதிப் பார்த்த மதிப்பெண் வேறு. 2023 அக்டோபரில் இருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே இருக்கிறது, முடிவுகளை எல்லோரும் பார்க்கலாம்.

அம்பாசிடர் காலத்து ரோடும் இப்போது இல்லை. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் அவினாசி தாண்டினால் எல்லா வண்டியும் நூறைத் தொடப் பார்க்கிறது. பழைய மூன்று கேள்வியோடு இந்த ரோட்டில் இறங்குவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

ஆக, எப்படித் தேர்ந்தெடுப்பது?

எங்கள் வீட்டுக்கு நான் போட்ட கணக்கு இது. உங்களுக்கும் உதவலாம்.

நீளத்தைப் பார்க்க வேண்டாம், வீல்பேஸைப் பாருங்கள். 4 மீட்டருக்குள் 2,400 மி.மீ.க்கு மேல் இருந்தால் நாலு பேர் நிம்மதியாகப் போகலாம். ஐந்தாவது ஆள் அடிக்கடி வருவார் என்றால் பின் சீட்டில் தோள் அகலத்தை டேப் வைத்தே அளந்துவிடுங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

வீட்டில் வயதானவரை ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். முன் சீட்டில் இல்லை, பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சி.என்.ஜி. எடுப்பதாக இருந்தால் டிக்கியைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் பாதி டிக்கியைத் தின்றுவிடும். சில கம்பெனிகள் சிலிண்டரை இரண்டாகப் பிரித்துத் தரைக்குக் கீழே வைக்கின்றன. பழனிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

நம்பகத்துக்கு, வந்து இரண்டு மூன்று வருஷமாவது ஆன மாடலை எடுப்பது நல்லது. இண்டிகாவின் முதல் வருஷங்கள் சொல்லும் பாடம் அதுதான். ஐந்து ஆள், சாமானோடு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஷோரூம் முன்னாடி காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் அது தெரியாது.

கடைசியாக, மோதல் சோதனை முடிவு. எந்த மாடல், எந்த வருஷம், எந்த விதிமுறை என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

எங்கள் பட்டியலில் இப்போது இரண்டு கார்கள் நிற்கின்றன. பேர் சொல்லவில்லை, ஏனென்றால் உங்கள் வீட்டு முழங்கால் வேறு. அப்பாவிடம் 29 மி.மீ. கணக்கைக் காட்டினேன். "அப்புறம் ஏன் உள்ள உக்காந்தா கார்ல உக்காந்த மாதிரியே இல்லீங்குது?" என்றார். அதற்கு வீல்பேஸில் பதில் இல்லை. முப்பது வருஷம் காத்திருந்து வாங்கிய ஒன்றின் மேல் இருக்கும் பிரியம் அது. வாங்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் போதும்.